நாலு மாடி மூச்சு

“என் பாட்டு எனக்கே பாட வரலை,” என்றார் கிளைவ்.

கதவைத் திறந்த தயாபரன் அவரை மேலும் கீழும் பார்த்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர். பின்னால் சமையலறையில் ஒரு வாஷிங் மெஷின் வயிறு திறந்து கிடந்தது.

“எந்த இடத்துல நிக்குது?” என்றார்.

கிளைவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்டது அவருடைய சொந்தக் குரல். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய குரல். அதே மூக்கு, அதே இழுவை, எதிலும் அக்கறை இல்லாதது போன்ற அதே அலுப்பு.

காரணம் உண்டு. தயாபரன் பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து போல்ட்டனில் அறை எடுத்தபோது, அவரிடம் இருந்த ஆங்கிலம் பரீட்சை எழுத மட்டுமே உதவியது. அறையில் முன்பு இருந்தவர் ஒரு கேசட்டை விட்டுப்போயிருந்தார். ‘ஈரக் குடைகள்’ என்ற இசைக்குழுவின் முதல் ஆல்பம். பாடியவர் கிளைவ் பெண்டில்பரி. தயாபரன் அதைக் கேட்டுக் கேட்டே பேசப் பழகினார். வார நாட்களில் வாஷிங் மெஷின் பழுது பார்த்தார். சனிக்கிழமைகளில் ‘காய்ந்த குடைகள்’ என்று ஒரு குழு வைத்து, பப்களில் கிளைவாகப் பாடினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கிளைவேதான் என்றார்கள். அசலைவிடத் தேவலை என்றும் சிலர் சொன்னார்கள். அது அசலின் காதுக்கும் எட்டியது.

அசலுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. ஈரக் குடைகள் நால்வரும் பதினெட்டு வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, வருகிற சனிக்கிழமை லீட்ஸில் ஒரே ஒரு தடவை சேர்ந்து வாசிக்கப் போகிறார்கள். நாலாயிரம் பேர் வருகிறார்கள். நாலாயிரம் பேரும் வருவது ‘பதினேழாம் நம்பர் பஸ்’ என்ற ஒரு பாட்டுக்காக.

ஒத்திகையில் அது மட்டும் கிளைவின் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போனது.

“பாடுங்க,” என்றார் தயாபரன், கிளைவைச் சமையலறையில் உட்காரவைத்து.

கிளைவ் செருமிக்கொண்டு தொடங்கினார். ‘நீ வரவில்லை, பஸ் வந்தது...’

“பிழை.”

தமிழில் சொன்னார். கிளைவுக்குத் தமிழ் தெரியாது. அர்த்தம் தெரிந்தது.

மறுபடி தொடங்கினார்.

“பிழை.”

மூன்றாவது தடவை வாயைத்தான் திறந்தார்.

“பிழை.”

“நான் இன்னும் பாடவே இல்லையே, தயா.”

“அதான். பாடுறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இருக்கு. அதை விட்டுட்டீங்க.”

கிளைவ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மூச்சைப் பற்றி அவரிடமா சொல்வது? தன் பேட்டிக் குரலை எடுத்துக்கொண்டார். அது தாழ்ந்த குரல். நடுநடுவே ஜன்னலைப் பார்க்கும் குரல்.

“அது வெறும் மூச்சு இல்லை. மூடிப்போன ஆலைகளோட மூச்சு. வேலை போன ஒரு தலைமுறையோட பெருமூச்சு.”

“படத்துல பார்த்தேன்,” என்றார் தயாபரன்.

போன மாதம் ஒரு ஆவணப்படம் வந்திருந்தது. நால்வரையும் தனித்தனி நாற்காலியில் உட்காரவைத்து, கடந்து வந்த பாதையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். தயாபரன் ஒவ்வொருவராக மாறத் தொடங்கினார்.

முதலில் கிட்டார் வாசிக்கும் நெவில் ஆனார். முகவாயைத் தடவிக்கொண்டு, “அந்த மூச்சுக்கு அப்புறம் நாங்க எதையும் தேட வேண்டி வரலை.”

அடுத்து பேஸ் கிட்டார் மால்கம். கைகளைக் கட்டிக்கொண்டு, “அது நான் விட்ட மூச்சு. இன்னைக்கு வரைக்கும் யாரும் என் பேர் போடலை.”

அப்புறம் டிரம்மர் ட்ரெவர். வாய் நிறைய சாண்ட்விச்சோடு, “எந்த மூச்சு?”

கிளைவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தயாபரன் குரலைத் தாழ்த்தினார். ஜன்னலைப் பார்த்தார். “மூடிப்போன ஆலைகளோட மூச்சு.”

கிளைவ் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“நாலு மாடி,” என்றார் தயாபரன்.

“எது?”

“அந்த மூச்சு. மூணு மாடி ஏறினா அப்படி வராது. அஞ்சு ஏறினா பாடவே முடியாது. ஏறிப் பார்த்துட்டுதான் சொல்றேன்.”

கிளைவ் வாஷிங் மெஷினைப் பார்த்தார். அதன் குடலையெல்லாம் பார்த்தார்.

“லிஃப்ட் ஓடலை,” என்றார் கடைசியில். “சூடா சிப்ஸ் வாங்கப் போயிருந்தேன். ஸ்டூடியோ நாலாவது மாடி. ஓடி வந்தேன், வந்ததும் பாடுன்னாங்க.”

“பாடும்போது என்ன நினைச்சீங்க?”

“ஆறிடும்னு.”

“அப்புறம் ஆலை எங்கேருந்து வந்தது?”

“முதல்முதலா கேட்ட பத்திரிகைக்காரப் பொண்ணு, அது ஆலைகளோட மூச்சான்னு கேட்டா. அவ்வளவு ஆசையா கேட்டா. அந்த முகத்தைப் பார்த்து சிப்ஸ்னு சொல்ல எனக்கு மனசு வரலை.”

“முப்பத்தஞ்சு வருஷமாவா?”

“பழகிப்போச்சு.”

தயாபரன் ஒரு திருகாணியைக் கழற்றினார்.

கிளைவ் வந்த விஷயத்துக்கு வந்தார். “இனி அந்தப் பாட்டோட உச்சி ஸ்வரம் எனக்கு எட்டாது. நெவில்தான் யோசனை சொன்னான். சனிக்கிழமை நீங்க திரைக்குப் பின்னாடி நின்னு பாடுங்க. நான் முன்னாடி நின்னு வாயசைக்கிறேன். ஒரே ஒரு பாட்டு. நாலாயிரம் பேர்ல ஒருத்தருக்குக்கூடத் தெரியாது.”

தயாபரன் திருகாணியைக் கீழே வைத்தார். ஸ்க்ரூ டிரைவரால் மாடிப்படியைக் காட்டினார்.

“இங்க ஒரு மாடிதானே இருக்கு?”

“நாலு தடவை ஏறுங்க.”

“என் முழங்கால்...”

“மெதுவா ஏறுங்க.”

முதல் தடவை கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். இரண்டாம் தடவை தொட்டார். மூன்றாம் தடவை பாதியில் நின்று, சுவரில் மாட்டியிருந்த, முன்பின் தெரியாத இருவரின் கல்யாணப் போட்டோவை வெகுநேரம் ரசித்தார். நான்காம் தடவை ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து ஏறி, மேல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“பாடுங்க,” என்று கீழே இருந்து குரல் வந்தது.

மூச்சு வந்தது. ஆலையும் இல்லை, சிப்ஸும் இல்லை. கேசட்டில் இருந்ததைவிட நீளமாக இருந்தது. முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு விசில்.

அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரி வந்தது. நீ வரவில்லை, பஸ் வந்தது. உச்சிக்குப் போக வேண்டிய இடத்தில் குரல் போகவில்லை. கீழேயே நின்று, பஸ் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிளைவ் முழுப் பாட்டையும் பாடினார். நடுவில் எழுந்து போக முழங்கால் விடவில்லை.

கிளைவ் எட்டிப் பார்த்தார்.

தயாபரன் கீழ்ப்படியில் உட்கார்ந்து அந்த முதல் வரியைத் தன் வாயில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கை மாற்றினார். தொண்டையை மாற்றினார். மூச்சை இழுத்து விட்டார், வரவில்லை என்று தலையை ஆட்டினார், வேறு மாதிரி இழுத்து விட்டார். மறுபடி தலையை ஆட்டினார்.

“அப்ப, திரைக்குப் பின்னாடி நிக்கிறீங்களா?” என்றார் கிளைவ்.

தயாபரன் அண்ணாந்து பார்த்தார்.

“முன்வரிசையில ஒரு டிக்கெட் கிடைக்குமா?”