மூன்று ஒற்றரும் ஓர் உப்பு வணிகனும்

முன்னொரு காலத்தில் ஒரு மன்னருக்குத் திடீரென்று ஒற்றர் பைத்தியம் பிடித்தது. பகைநாட்டான் அரண்மனைச் சமையல்கட்டு வரை ஆள் வைத்திருக்கிறான் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அன்று முதல் அவருக்கு ரசத்தின் மேல்கூடச் சந்தேகம். ஊரெங்கும் மாறுவேட ஒற்றர்களை நிரப்பியதோடு ஓர் ஆணையும் போட்டார்: "ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றர் ஒரே செய்தியைச் சொன்னால் அதுவே உண்மை. அதற்குமேல் விசாரணை இல்லை. பகைவனுக்கு உளவு சொன்னவன் கழுவேற்றப்படுவான்."

பழைய முறைதான், நல்ல முறையும்கூட. ஆனால் மூவரையும் ஏவுகிறவர் ஒருவர்தானே? அவர் ஒற்றர் தலைவர் விழுப்பரையர். அவருக்கு அரசவை விகடகவி ஆட்கொண்டானைக் கண்டாலே ஆகாது. தாம் பாடுபட்டுக் கொண்டுவரும் உளவுச் செய்திக்குக் கொட்டாவி விடுகிற மன்னர், இவன் வாயைத் திறந்தாலே சிரிக்கிறாரே என்று வயிற்றெரிச்சல்.

ஒருநாள் ஆட்கொண்டானின் மனைவி உமையாள் சொன்னாள்: "ஏங்க, நம்ம தெருவுக்குப் புதுசா ஒரு வளையல்காரன் வர்றான். அளவு பார்க்கவே தெரியல. குழந்தை வளையலை என் கையில ஏத்தப் பார்க்கிறான். நம்ம வீட்டுக்கு யார் யார் வர்றாங்கன்னு மட்டும் நல்லா விசாரிக்கிறான்."

"வேற யாராவது?"

"ஒரு பண்டாரம். போட்ட சோத்தை நாய்க்குக் கொட்டிட்டு நம்ம வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அப்புறம் ஒரு குறி சொல்றவன். என் கையைப் பார்க்காம உங்களைப் பத்தியே கேக்குறான்."

மூவரும் விழுப்பரையரின் ஆட்கள் என்று ஆட்கொண்டானுக்குப் புரிந்துவிட்டது. மூன்று வாய் ஒத்துவிட்டால் தன் வாய்க்கு வேலை இல்லை என்று அவனுக்குத் தெரியும். அழுது முறையிட்டாலும் ஆணை ஆணைதான். யோசித்தபடியே அரண்மனைக்குப் போனான்.

"மன்னா, தங்கள் ஒற்றர்களின் திறமையைத் தாங்களே சோதிக்க வேண்டாமா? நாளை நண்பகலில் மாறுவேடத்தில் அடியேன் வீட்டுக்கு எழுந்தருளுங்கள். அவர்கள் கண்ணில் என்ன பட்டது என்று மறுநாள் அவையில் தெரிந்துவிடும். அதுவரை இது நம் இருவருக்குள் இருக்கட்டும்."

வேடம் கட்டுவதென்றால் மன்னருக்குக் கொள்ளை ஆசை. சொன்னபடியே ஒட்டுத்தாடியும் உப்பு மூட்டையுமாக வந்து சேர்ந்தார். கம்பங்கூழைக் குடித்தார், மாவடுவைக் கடித்தார், இன்னொரு குவளை கேட்டு வாங்கிக் குடித்தார். தாடி அரிக்கிறது என்று முனகிக்கொண்டே திரும்பிப் போனார். நடந்தது அவ்வளவுதான்.

மறுநாள் அவையில் விழுப்பரையர் எழுந்தார். "மன்னா, சொல்ல நாக்கூசுகிறது. நேற்று உப்பு வணிகன் வேடத்தில் ஒரு பகைநாட்டு ஒற்றன் ஆட்கொண்டானின் வீட்டுக்கு வந்தான். கோட்டையின் சுரங்க வழியை இவன் சொன்னான். அவன் உப்பு மூட்டையிலிருந்து முத்துமாலை ஒன்றை எடுத்துக் கூலியாகக் கொடுத்தான்."

வளையல்காரனும் பண்டாரமும் குறிகாரனும் தனித்தனியே அழைக்கப்பட்டார்கள். மூவரும் அதையே, சொல் மாறாமல், ஒரே இடத்தில் மூச்சு வாங்கிச் சொன்னார்கள்.

மன்னர் தாடையைத் தடவிக்கொண்டார். "அந்த வணிகன் இப்போது எங்கே?"

பொய் சொல்லிப் பழகியவருக்கு அதோடு நிறுத்தத் தெரியவில்லை. "எல்லை வரை துரத்தினோம், மன்னா. இடது காலில் என் அம்பு பாய்ந்தும், நொண்டிக்கொண்டே தப்பிவிட்டான்" என்றார் விழுப்பரையர். மூன்று ஒற்றரும், ஆமாம், கண்ணால் கண்டோம் என்று தலையாட்டினார்கள்.

மன்னர் குனிந்து தம் இடது காலைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து ஒட்டுத்தாடியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். வளையல்காரன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். விழுப்பரையருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"விழுப்பரையர் உப்பளத்தில் மூட்டை சுமக்கட்டும். இந்த மூவரையும் கழுவேற்றுங்கள்" என்றார் மன்னர்.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன், மன்னா? மேலதிகாரி சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார்கள். விட்டுவிடுங்கள்" என்றான் ஆட்கொண்டான். "ஆனால் தங்கள் ஆணை இன்னும் நடப்பில் இருக்கிறது. மூவர் சொல் ஒத்துவிட்டது. ஆகவே தாங்கள் இனி நொண்டித்தான் நடக்க வேண்டும்."

மன்னரின் உதடு துடித்தது.

"அடியேனுக்கும் ஒரு குறை, மன்னா. மூவர் சொன்னபடி நான் தங்களிடம் ஒரு முத்துமாலை வாங்கியிருக்கிறேன். நானும் உமையாளும் அரிசிப் பானை வரை தேடிவிட்டோம். கிடைக்கவில்லை."

மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அந்த ஆணை இன்று மாலையோடு ஒழிந்தது. அதுவரை நானும் அதற்குக் கட்டுப்பட்டவன்தான்" என்றார். சிம்மாசனத்தை விட்டு இறங்கி, இடது காலை இழுத்து இழுத்து நொண்டிக்கொண்டே வந்து, தம் முத்துமாலையைக் கழற்றி ஆட்கொண்டான் கழுத்தில் போட்டார்.