பின்பக்கத்து அலை

“டீச்சர், முன்பக்கம் அலை அலையா வருது. பின்பக்கம் மட்டும் ஏன் வரமாட்டேங்குது?”

கேட்டவள் தங்கபுஷ்பம். வயது நாற்பத்தெட்டு. டீச்சர் ஜெனிட்டாவுக்கு இருபத்தாறு. தூத்துக்குடியில் ஒரு பார்லர் மாடியில், வீட்டிலேயே முடியை அலையாக்கிக்கொள்ள ஆறு நாளில் சொல்லிக்கொடுப்பவள். அன்று ஐந்தாம் நாள்.

பாடம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு கற்றை எடு. சூடேறிய கர்லிங் மெஷினில் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்று. எட்டு வரை எண்ணு. விடு. கடைசியில் சீப்பைத் தொடாதே, விரலால் கோதிவிடு. இவ்வளவுதான்.

ஜெனிட்டா அவளைச் சுற்றி வந்து பார்த்தாள். முன்னால் கல்யாணப் பெண். பின்னால் மழையில் நனைந்த விளக்குமாறு.

“மெஷினைப் பின்னால கொண்டு போங்கக்கா. நான் பாக்குறேன்.”

தங்கபுஷ்பம் கொண்டுபோனாள். காதைத் தாண்டியதும் கை நின்றுவிட்டது.

“பயமா இருக்கா?”

“பயமெல்லாம் இல்ல. அங்க ஒரு தழும்பு இருக்கு.”

பிறகு அவளே சொல்லத் தொடங்கினாள். நாலு வருஷமாக அவள் தெருவில் அந்தக் கதையைக் கேட்காத ஆள் கிடையாது.

“எங்க ஓரகத்தி சுயம்புக்கனி. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. எந்த விசேஷம்னாலும் அவ தலைக்கு நான், என் தலைக்கு அவ. என் மவ நிச்சயத்தன்னைக்கு மெஷினைப் பின்கழுத்துல வச்சி சுட்டுட்டா.”

“தெரியாமப் பட்டிருக்கும்க்கா.”

“அப்படித்தான் சொல்லி அழுதா. நான் விடல. பொறாமையில சுட்டுட்டான்னு சபையில வச்சிக் கேட்டுட்டேன். பந்தியில உக்காந்தவ எந்திரிச்சுப் போயிட்டா. அன்னைக்கோட பேச்சு நின்னுச்சு.”

“இப்ப?”

“ஞாயித்துக்கிழமை அவ மவளுக்குக் கல்யாணம். பத்திரிகையோட வாசல் வரைக்கும் வந்தா. நான் உள்ள வான்னு சொல்லல.”

“கல்யாணத்துக்குப் போகலியா?”

“போவேன். அவ இல்லாமலே எனக்குத் தலை அழகா வரும்னு அவ பாக்கணும். பொண்ணு மாப்பிள்ளைய வாழ்த்திட்டு, கை நனைக்காம வந்துருவேன்.”

சொல்லும்போதே குரல் உடைந்தது. கோபக்காரிகளுக்கு இது ஒரு கஷ்டம். வையத் தொடங்கினால் அழுகை முந்திக்கொள்ளும். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

ஜெனிட்டா மெஷினை வாங்கி ஸ்விட்சை அணைத்தாள்.

“அந்தத் தழும்பை நீங்க பாத்திருக்கீங்களாக்கா?”

“பின்கழுத்தை எப்படிப் பாக்க?”

“வீட்டுல யாரும் பாத்துச் சொல்லலியா?”

“எங்க வீட்டுக்காரர் என் முகத்தைப் பாக்குறதே அபூர்வம். மவ சென்னையில. என் பின்கழுத்தைப் பாத்தவன்னா அவ ஒருத்திதான்.”



ஜெனிட்டா அவள் முடியைத் தூக்கி இரண்டு கிளிப் போட்டாள். போனில் ஒரு படம் எடுத்துக் கையில் கொடுத்தாள்.

தங்கபுஷ்பம் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“அந்தப் பக்கம் எடுங்க டீச்சர். இது வேற பக்கம்.”

ஜெனிட்டா அந்தப் பக்கமும் எடுத்தாள்.

“வெளிச்சம் பத்தல.”

ஜன்னல் ஓரம் உட்காரவைத்து எடுத்தாள்.

“இங்கதான் டீச்சர். இன்னைக்குக்கூட எரியுது.” தங்கபுஷ்பம் பின்கழுத்தில் விரலை அழுத்திக் காட்டினாள்.

விரலோடு ஒரு படம். விரலை எடுத்த பிறகு இன்னொரு படம்.

அதில் தாலிக்கொடி இருந்தது. ஒரு மச்சம் இருந்தது. டை படாத நரைமுடி நாலைந்து இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

தங்கபுஷ்பம் போனை மடியில் வைத்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“இது எப்ப ஆறுச்சு டீச்சர்?”

“சின்னச் சூடுதானேக்கா. ஒரு பத்து நாள்ல ஆறியிருக்கும்.”