ஒச்சாயி வாய்த் தீ கல்லுக்குள் போன கதை

அந்தக் காலத்தில், குருவியும் கம்பும் கொள்ளும் நம்மைப் போலவே வாய் திறந்து பேசித் திரிந்தபோது, அடுப்பு என்று ஒன்று கிடையாது. தீ என்ன நிறம் என்று கேட்டால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. தீ இல்லாமல் இல்லை. அது மனுஷர் தொண்டைக்குள் இருந்தது. மனசாரக் கோபப்பட்டுத் திட்டினால் வாய்வழியாகச் சூடு வரும். சாதாரண ஆளுக்கு ஈரத்துணி காய்கிற அளவு வரும், அவ்வளவுதான். தானியம் வறுக்கிற அளவுக்கு ஊருக்கு ஒருத்திக்குத்தான் சூடு வாய்க்கும். அவளை வறுப்புக்காரி என்பார்கள்.

ஆனைப்பாறை ஊருக்கு வறுப்புக்காரி ஒச்சாயி.

அவள் வறுப்பதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மண்சட்டியில் கம்பைக் கொட்டிக்கொண்டு எதிரே சம்மணம் போட்டு உட்காருவாள். "மூணு மாசம் கதிருக்குள்ள காலை நீட்டித் தூங்குன சோம்பேறிக் கழுதைகளா, சட்டிக்கு வந்தும் தூக்கமா?" என்று ஆரம்பிப்பாள். கம்புக்கு ரோஷம் ஜாஸ்தி. "யாரைப் பாத்துச் சொன்ன?" என்று படபடவெனக் குதித்துப் பொரிந்துவிடும். எள்ளுக்கு முகத்தைச் சுளித்தாலே போதும், இரண்டு வார்த்தை கூடினால் கருகிப் போகும். கொள்ளுக்கு அதன் அப்பனை இழுக்க வேண்டும். இந்தப் புளியங்கொட்டை இருக்கிறதே, அதுதான் லேசில் மசியாது. ஏழு தலைமுறையை இழுத்துப் பேசினாலும் கேட்காத மாதிரி கிடக்கும்.

இதில் ஒரு சிக்கல். பொய்க் கோபத்துக்குச் சூடு வராது. உள்ளுக்குள் நிஜமாகவே வயிறு எரிய வேண்டும். தினமும் வயிறு எரிய விஷயத்துக்கு எங்கே போவது? அதற்குத்தான் வெள்ளையன் இருந்தான். பஞ்சுபோல வெளுத்த ஒரு குருவி, வட்டமான வால். காலையில் ஊரைச் சுற்றிவிட்டு வந்து சட்டிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். "மேலத்தெருக்காரன் ஓடைத் தண்ணியத் தன் பக்கம் வெட்டி விட்டுட்டான் தாயி. பாவம், கீழே ஒரு வாய் செத்த மனுஷன் நிலம் காயுது" என்பான். ஒச்சாயிக்கு மூக்கு விடைக்கும். அந்தக் கோபம் ஆறுவதற்குள் சட்டியைப் பார்த்துத் திரும்பிவிடுவாள்.

சட்டித் தானியத்தைத் தவிர வேறு எந்த உயிரையும் அவள் திட்டக்கூடாது. அது வறுப்புக்காரிக்குக் கட்டுப்பாடு. வெளியே போனால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் போவாள். அப்படியும் எதிரே வருகிற பெண்கள் இடுப்புப் பிள்ளையின் முகத்தை மெல்ல மறுபக்கம் திருப்பிக்கொள்வார்கள். ஒச்சாயி பார்க்காதது மாதிரி நடப்பாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. தங்கச்சி செவந்திக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் பெண் குழந்தை பிறந்திருந்தது. அதை ஒரு தடவை மடியில் போட்டுக் கொஞ்ச வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. கம்பு தீர்ந்தது, கொள்ளு தீர்ந்தது. கடைசியில் ஊரில் மிஞ்சியது புளியங்கொட்டை மட்டும்தான். வறுத்துத் தோல் நீக்கினால் சாப்பிடலாம், உயிர் நிற்கும். பச்சையாகக் கடித்தால் பல்தான் போகும். ஊரே ஒச்சாயி வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளும் உட்கார்ந்தாள். திட்டினாள். கொட்டை சில்லென்று கிடந்தது. வெள்ளையன் மூன்று நாள் ஊர் முழுக்கத் தேடியும் கோபப்பட ஒரு சங்கதி கிடைக்கவில்லை. பசி வந்த ஊரில் எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகி விட்டார்கள். ஒரு பிடி கீரை கிடைத்தால் மூன்று வீட்டுக்குப் பங்கு வைத்தார்கள். கேட்கக் கேட்க ஒச்சாயிக்கு அழுகைதான் வந்தது. இரக்கத்துக்கு ஏது சூடு?

நாலாம் நாள் காலையில் இரண்டு கிழடுகள் பசியில் மயங்கி விழுந்ததை வெள்ளையன் பார்த்தான். இனிப் பொறுத்தால் ஊர் பிழைக்காது என்று பட்டது. பொய் சொல்லத் துணிந்தான்.

"தாயி, சொல்லவே எனக்கு நாக்கு கூசுது. மலைக்கு அந்தாண்ட போனேன். உன் தங்கச்சி கிணத்தடியில சொல்லிட்டிருந்தா."

"என்ன சொன்னா?"

"என் பிள்ளைய எங்கக்கா மடியில போடவே மாட்டேன், அவ மூச்சு பட்டாலே பிள்ளை பொரிஞ்சு போயிரும்னு சொன்னா. சுத்தி நின்னவளுக எல்லாம் சிரிச்சாளுக."

ஒச்சாயி வெடுக்கெனச் சட்டிப் பக்கம் திரும்பினாள். ஊர்ப் பெண்கள் முகம் திருப்பியதை எல்லாம் பொறுத்துக்கொண்டவள்தான். சொந்த ரத்தமே சொல்லிவிட்டதே என்பதை அவளால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் விழுங்கியதெல்லாம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்தது. அவள் வாயைத் திறக்குமுன்பே சட்டியின் ஓரம் சூடேறியது. புளியங்கொட்டைகள் "ஐயோ, இது வேற மாதிரி இருக்கே" என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

வறுக்கும் நேரத்தில் வாசலில் வேப்பங்கொத்து தொங்கும். அதைப் பார்த்தால் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். ஆனால் கூடப்பிறந்தவள் வாசல் வழியாகவா வருவாள்? செவந்தி கொல்லைப்புறமாக வந்தாள். இடுப்பில் குழந்தை. அக்கா பட்டினி கிடப்பாளே என்று கையில் கொஞ்சம் கிழங்கு.

"அக்கா, யாரு வந்திருக்கான்னு பாரு."

ஒச்சாயி திரும்பினாள். வாய் நிறையச் சூட்டோடு திரும்பிவிட்டாள். "உன் பிள்ளைக்கு நான் எமனாடி?" என்ற அந்த முதல் வார்த்தை புறப்பட்டுவிட்டது. புறப்பட்டதை அவளாலேயே நிறுத்த முடியவில்லை. குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

வெள்ளையன் குறுக்கே பாய்ந்தான்.

திட்டு முழுக்க அவன்மேல் விழுந்தது. வெள்ளை இறகு ஒவ்வொன்றும் கருகிச் சுருண்டது, வட்ட வால் நடுவில் பிளந்து இரண்டாக விரிந்தது. அலகு முதல் நகம் வரை கன்னங்கரேல் என்று கரித்துண்டாகத் தரையில் கிடந்தான். குழந்தைக்கு ஒரு மயிர்கூடக் கருகவில்லை. கிடந்தபடியே அவன், "பொய் சொல்லிட்டேன் தாயி. அவ அப்படி ஒண்ணும் சொல்லல" என்றான்.

ஒச்சாயி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். வற்றிய ஓடையில் ஆள் உயர வெள்ளைக்கல் ஒன்று கிடந்தது. அதைக் கட்டிக்கொண்டு, கல்லோடு வாயை வைத்து, அவள் வாழ்க்கையில் ஒருநாளும் திட்டாத ஒருத்தியைத் திட்டினாள். தன்னையே திட்டினாள். "கேட்டதை நம்பிட்டியேடி பாவி. பச்சப்புள்ள முகத்தைப் பாத்த பிறகும் வாயைத் திறந்தியேடி" என்று தொடங்கியவள் பொழுது உச்சிக்கு வரும்வரை நிறுத்தவில்லை.

பின்னாலேயே ஓடிவந்த ஊர் கரையில் அப்படியே நின்றுவிட்டது. கல் முதலில் மஞ்சளாயிற்று. பிறகு செக்கச் சிவந்தது. கல்லுக்குள் ஒரு சூரியன் புரண்டு படுப்பதுபோல இருந்தது. அதுவரை ஒருவரும் தீயைக் கண்ணால் கண்டதில்லை அல்லவா? பெரியவர்கள் தங்களை அறியாமல் கைகூப்பினார்கள்; அவர்கள் தொண்டையில் இருந்த கொஞ்சச் சூடும் கல்லுக்குள் இழுபட்டுப் போயிற்று. ஓடை மணல் "சுடுது, சுடுது" என்று முணுமுணுத்துக்கொண்டு விலகிற்று. கடைசியில் இடி இறங்கின மாதிரி சத்தத்தோடு கல் வெடித்துச் சிதறியது. ஒரு துண்டு இன்னொரு துண்டில் மோதியது. பொறி பறந்து காய்ந்த சருகில் விழுந்து, ஒரு முழ உயரத்துக்கு எழுந்து நின்று ஆடியது.

செவந்திதான் முதலில் சுதாரித்துச் சட்டியை எடுத்துவரச் சொன்னாள். அந்த நெருப்பின்மேல் வைத்துப் புளியங்கொட்டையை வறுத்தார்கள். ஏழு தலைமுறைக்கு அசையாதது கால்நாழிகையில் பொரிந்து வந்தது. அன்றைக்கு ஊர் சாப்பிட்டது.

ஒச்சாயி மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது நாள் ஊமையாக இருந்தாள். தொண்டையில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால்? செவந்தி பிள்ளையை நீட்டினால் பின்வாங்கினாள். இருக்கிறதா இல்லையா என்று யாரையாவது மனசாரத் திட்டித்தான் பார்க்க வேண்டும். யார் வருவார்கள்?

பத்தாம் நாள் வெள்ளையன், கருகியதால் ஊர் கரிச்சான் என்று கூப்பிட ஆரம்பித்திருந்த அந்தக் குருவி, நொண்டிக்கொண்டே வந்து அவள் முன்னால் நின்றான்.

"என்னைத் திட்டு தாயி. ஏற்கெனவே கரி ஆயிட்டேன், இனிமே எரிய என்ன இருக்கு? திட்டவும் உனக்குக் காரணம் இருக்கு."

ஒச்சாயி வாயை மூடியிருந்த முந்தானையை விலக்கினாள். பிறகு ஆரம்பித்தாள். என்ன திட்டு என்கிறீர்கள். அவன் பொய்யை, அவன் குலத்தை, அவன் முட்டைக்குள் இருந்த காலத்தைக்கூட விடவில்லை. கரிச்சான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். ஓர் இறகு புகையவில்லை. காது மட்டும் லேசாகச் சுட்டது என்று அவனே சொன்னான். வேலியோரம் நின்றவர்கள், "அடேயப்பா, வறுத்தெடுத்துட்டாளே" என்று மூக்கில் விரலை வைத்தார்கள். செவந்தி குழந்தையை அக்கா மடியில் போட்டாள். ஒச்சாயி குனிந்து அதன் முகத்துக்கு நேரே வாயைக் கொண்டுபோய், "இத்தனை நாள் எங்கடி இருந்த, திருட்டுக் கழுதை?" என்றாள். குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது.

அன்று முதல்தான் தீ மனுஷர் தொண்டையை விட்டுக் கல்லிலும் அடுப்பிலும் குடியிருக்கிறது, கரிச்சான் பிளந்த வாலோடு காட்டுத்தீக்குப் பக்கத்தில்கூடப் பயமில்லாமல் பறக்கிறது, நாம் ஒருவரை ஒருவர் எவ்வளவு வறுத்தெடுத்தாலும், இளவட்டங்கள் அதை ரோஸ்ட் என்றே சொன்னாலும், காது மட்டும் சூடாகி, திட்டு வாங்கினவர் முழுசாக எழுந்து வீட்டுக்கு நடந்து போகிறார்.