சடையன் கட்டிய கை

"மூங்கில்ல டிரோனாம்மா? நாலு பேர் பார்த்தா சிரிக்க மாட்டாங்களா?"

கேட்டவர் நாகலிங்கம். விமானத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் அளவு பார்த்து ஓய்வுபெற்றவர். அவருக்கு டிரோன் கட்டக் கற்றுக்கொடுக்கும் குரு செவ்வந்திக்கோ அவர் மகள் வயசு. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவள்.

அவள் அரிவாளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

விசிறிகளைத் தாங்க நாலு கை வேண்டும். நாலையும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவாக வெட்டினார் நாகலிங்கம். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

வெள்ளம் பாலத்தை அடித்துப்போன மறுநாள், அக்கரை ஓடைக்குடியில் கூடை முடையும் மாரியாயியைப் பாம்பு கடித்தது. மருந்து இருபது குப்பி வேண்டும் என்றார் அங்கே இருந்த நர்ஸ். டிரோன் ஒரு தடவைக்குப் பத்துதான் தூக்கும்.

முதல் பத்து போய்ச் சேர்ந்தது. ஆனால் இறங்கும்போது பாறையில் இடித்து ஒரு கை ஒடிந்தது.

மாரியாயியின் புருஷன் சடையன் போனில் அழுதான். "சார், இதோட கை முறிஞ்சிபோச்சு சார்."

"தொடாதீங்க! நான் அளந்து வேற கை..."

நாகலிங்கம் ஆற்றைப் பார்த்தார். அளந்து, எதில் ஏற்றி அனுப்புவது?

செவ்வந்தி போனை வாங்கினாள். "அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி கட்டுங்க."

கால் மணி நேரம் ஆனது.

"இப்ப ஓட்டிப் பாருங்க சார்."

டிரோன் எழுந்தது. கொஞ்சம் தள்ளாடியது, பிறகு நேரே வந்து சேர்ந்தது. மீதிப் பத்துக் குப்பியையும் தூக்கிக்கொண்டு உடனே அக்கரைக்குத் திரும்பியது.

மறுநாள் காலையில் நர்ஸ் கூப்பிட்டார். மாரியாயி எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம். கஞ்சி கேட்கிறாளாம்.

நாகலிங்கம் ஆற்றங்கரையில் நின்று அக்கரையைப் பார்த்துக் கும்பிட்டார். கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. சடையனின் முகத்தை அவர் பார்த்ததில்லை. அந்த மனுஷன் நேற்று என் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றினான் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

இரவு அக்கரையிலேயே இருந்த டிரோன் வந்து இறங்கியது. புதுக் கை, கூடைக்கு வைத்திருந்த மூங்கில். மீன்வலை நரம்பால் இறுக்கிக் கட்டியிருந்தது. அந்த முடிச்சு அவருக்குத் தெரியாத முடிச்சு.

பழக்க தோஷம், ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"அம்மா, இந்தக் கை அரை அங்குலம் நீளமா இருக்கு."

செவ்வந்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது சரியாத்தான் இருக்கு சார். மத்த மூணுதான் குட்டை."