ஈர்ப்பை அணைத்த கணக்கு

அணு உலையில் பம்பு மெல்ல மெல்ல நிற்கும்போது, உள்ளே ஓடும் திரவ சோடியம் சூட்டை எப்படிச் சுமக்கும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் பிழைப்பு. ஈர்ப்பு இருப்பதால்தான் சூடானது மேலே ஏறும், ஆறினது கீழே இறங்கும். அதைச் சேர்த்தால் கணக்கு அடிக்கடி படுத்துவிடும். அதனால் முதலில் புவியீர்ப்பைப் பூஜ்யமாக்கி ஓட்டுவோம். கணக்கு எழுந்து நின்றதும் ஈர்ப்பைப் போடுவோம்.

அருளப்பன் சார் போடவில்லை.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர் அவர். வழிகாட்டி சுகந்தி மேடம் அவரைவிட வயதில் சின்னவர். மறுநாள் பாதுகாப்புக் குழுவுக்கு அவருடைய படங்கள் போக வேண்டும். உலைத்தொட்டியின் மேல்சுவர் தாங்குமா என்று அவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

சூட்டை நிறமாகக் காட்டும் அந்தப் படத்தில் தொட்டி முழுக்க ஒரே பச்சை. மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"மேல சூடு ஏறவே இல்லையே. ஈர்ப்பு எங்க சார்?"

"போட்டா கணக்கு உடையுது மேடம். அது ரொம்பச் சின்ன விளைவுதானே, அதுக்கு ஏன் இவ்வளவு கோவம்?"

பக்கத்து மேஜையில் இருந்த எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. பம்பு முழு வேகத்தில் ஓடினால் சின்னதுதான். நிற்கப்போகிற பம்புக்கு இதைச் சொல்கிறாரே மனுஷன்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

மேடம் விருந்தினர் அறைக்குப் போய் வாளியும் ஹீட்டர் கம்பியும் தூக்கிவந்தார். தண்ணீர் பிடித்து, பாதி ஆழம் வரைக்கும் கம்பியை இறக்கி, சுவிட்சைப் போட்டார். ஆவி பறக்கும்வரை காத்திருந்தார். பிறகு சுவிட்சை அணைத்துக் கம்பியை எடுத்து வைத்தார்.

"வாளியோட அடியைத் தொடுங்க சார்."

வெளிப்பக்கம் தொட்டார். "ஜில்லுனு இருக்கு."

"உங்க கணக்குப்படி ஈர்ப்பு இல்லேன்னா, கம்பிக்கு மேலயும் கீழயும் சூடு ஒரே மாதிரிதானே இருக்கும்?"

"ஆமா."

"அப்ப மேல கையை விடுங்க."

அருளப்பன் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"விடுங்க சார்!" குரல் வராந்தாவரை கேட்டது.

"வெந்துடும் மேடம்."

மேடம் அந்தப் படங்களை வாளிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உங்க கணக்கை நம்பி நீங்களே கையை விட மாட்டேங்கறீங்க. பம்பு நிக்கிற அன்னிக்கு அந்தச் சுவருக்குப் பக்கத்துல நிக்கிறவங்க மட்டும் நம்பணுமா?"