பூவரசுச் சிமிழ்

அந்த மரக்கடைசல் பட்டறையில் குருவுக்கு முப்பத்துநாலு வயது, சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குருவின் பெயர் பேச்சித்தாய். சீடர் சுடலையாண்டி, முப்பது வருஷம் மர அறுவை மில்லில் தடி புரட்டியவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். முதலில் கேலியாகச் சொன்னதுதான். ஒரே மாதத்தில் அந்தக் கேலி எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

அன்றைக்கு நாலாவது கட்டையும் உளி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு சில்லு தெறித்து அவர் மூக்குக்கண்ணாடியில் அடித்தது.

"உளியைப் பிடிக்கச் சொன்னா, கோழியை அமுக்குத மாதிரி அமுக்குதீயளே!"

"உளுத்த கட்டை, வாத்தியாரம்மா. நான் என்ன செய்ய?"

"நல்ல கட்டை அந்தா கிடக்கு. எடுத்துக்கோங்க."

அவர் எடுக்கவில்லை.

உதிர்ந்த கட்டைகள் மகள் வடிவு ஏறி விளையாடிய வீட்டுப் பூவரசு. கொட்டகை போட இடம் வேண்டுமென்று, அவள் காலேஜுக்குப் போயிருந்த நாளில் அவர்தான் வெட்டிச் சாய்த்தார். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு அந்த மரத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. தடிகள் சுவரோரம் மழையில் கிடந்து உளுத்தன. வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். அந்த மரத்தில் ஒரு குங்குமச் சிமிழாவது கடைந்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டை.

"உளுத்த எடம் எதுன்னு முதல்ல காட்டித் தாங்க," என்றார். "அதை முழுசா வழிச்சு எறிஞ்சிட்டு, மிச்சத்துல கடையுதேன்."

பேச்சித்தாய் அந்தக் கட்டையை வாங்கிக்கொண்டாள். உளுத்த மரத்துக்குள் ஊறி இறுகும், தண்ணீர்போல இளகிய பசையை அதன் மேல் துளித்துளியாக விட்டாள். கட்டை மடக் மடக்கென்று குடித்தது.

"போய் டீ குடிச்சிட்டு வாங்க."

"இப்பத்தான குடிச்சேன்."

"இன்னொண்ணு குடிங்க. அதுவும் குடிச்சு முடிக்கட்டும்."

திரும்பி வந்ததும் உளியைத் தீட்டச் சொன்னாள். தீட்டினார். கட்டை சுழன்றது. மயிரிழை அளவு சீவியிருப்பார்.

"போதும், நிறுத்துங்க."

மறுபடி பசை. மறுபடி காத்திருப்பு. மறுபடி தீட்டல்.

"சீவுத எடம் நல்லதா, உளுத்ததான்னே தெரியலையே!"

"கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தைக் கேளுங்க."

கேட்டார். ஓரிடத்தில் உளி சீராகப் பாடியது. ஓரிடத்தில் தொண்டை கட்டியதுபோலக் கரகரத்தது. கரகரத்த இடம் வரும்போதெல்லாம் அவர் கை தானாகவே இளகியது. யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சிமிழ் கைக்கு வந்தது. உடம்பெல்லாம், மழை இழுத்துவிட்டிருந்த கறுப்புக் கோடுகள். ஒரு பக்கம் புழு குடைந்த துளை, பசை நிரம்பி, சின்னக் கண்போல மினுங்கியது.

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல உளுத்த எடம் எது, வாத்தியாரம்மா? கடைசி வரைக்கும் நீங்க சொல்லவே இல்லையே."

"மூடியைப் போட்டுப் பாருங்க."

போட்டார். 'டப்'பென்று உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்தார். விழவில்லை.

"நிக்குதா?"

"நிக்குது."

"பெறகு என்னத்தப் போட்டுத் தேடுதீய? வீட்டுக்குப் போங்க, அண்ணாச்சி. பிள்ளை உங்களைத் தேடும்."