திரும்பி வந்த செட்டர்

அடுத்தவன் வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்கெல்லாம் கொள்ளை ஆசை. அப்படியானால் இந்த வழக்கைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள்.

திசையன்விளைப் பக்கம் ஒரு கல்லூரி. அதன் வாலிபால் அணிக்கு இசக்கிராஜா கேப்டன். அன்று சாயங்காலம் சொந்த மைதானத்தில் இறுதிப் போட்டி. எதிரே ஒரு சென்னைக் கல்லூரி. ஆட்டம் தொடங்குமுன் ஆறு பேர் பெயரை நடுவரிடம் சொல்லியாக வேண்டும். ஐந்து பெயர் தயார். ஆறாவது பெயர்தான் தொண்டையில் சிக்கிக்கொண்டு நின்றது. அவனால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

அந்த ஆறாவது இடம் செட்டருடையது. பந்தை யாருக்கு, எங்கே தூக்கிக் கொடுப்பது என்று தீர்மானிப்பவன் செட்டர்தான். கைதட்டல் பந்தை அடிப்பவனுக்கு, ஆட்டம் செட்டருக்கு. ஒவ்வொரு சர்வீசுக்கு முன்னும், பந்து எங்கே வரும் என்று தன் அணிக்கு அவன் விரலால் ஒரு சைகை காட்டுவான். எதிரணி பார்த்தாலும் அவர்களுக்குப் புரியாது. செட்டர் வேறு அணிக்குப் போய்விட்டால் சைகைகளை உடனே மாற்றிவிடுவார்கள்.

மூன்று வருடம் அங்கே செட்டராக இருந்தவன் உவரிக்காரன் ரொசாரியோ, இசக்கிராஜாவின் உயிர் நண்பன். பி.ஏ. முடிந்ததும் எல்லோரும் அங்கேயே எம்.ஏ. சேர்ந்தார்கள், ரொசாரியோ மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தச் சென்னைக் கல்லூரிக்குப் போய்விட்டான். வேறு செட்டர் கிடைக்கவில்லை. அணியிலேயே நன்றாக அடிக்கும் பேச்சிமுத்து, அடிப்பதை விட்டுவிட்டுச் செட்டரானான்.

"சைகைய மாத்திருவோமா மாப்ள?" என்று அவன் கேட்டான்.

"கெடக்கட்டும்ல. அவன் நாளைக்கே ஓடி வந்துருவான். பொறவு திரும்ப மாத்தணும்" என்று இசக்கிராஜா தடுத்துவிட்டான். வாயில் திட்டு, மனசில் காத்திருப்பு. அவன் நிலைமை அப்படி.

சென்ற ஆண்டு இறுதிப் போட்டியிலும் இதே சென்னை அணிதான். வலைக்கு அந்தப் பக்கம் ரொசாரியோ. பேச்சிமுத்து பழைய சைகைகளையே காட்டினான். பந்து நடுவில் வந்தால் சென்னைக்காரர்கள் அதைத் தடுக்க ஓரத்தில் குதித்தார்கள்; ஓரத்தில் வந்தால் நடுவில் குதித்தார்கள். கோப்பை இங்கேயே தங்கியது. பேச்சிமுத்துவைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லூரியே ஆடியது. அதன்பிறகு சென்னையில் ரொசாரியோவைக் களத்தில் இறக்கவே இல்லை.

இந்த ஆண்டு அவன் அந்தப் படிப்பை விட்டுவிட்டு வந்து, இங்கே எம்.ஏ. முதல் வருடத்தில் சேர்ந்தான். தினமும் சாயங்காலம் மைதானத்துக் கம்பிவேலியைப் பிடித்தபடி நிற்பான். யாரும் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. இசக்கிராஜா அந்தப் பக்கம் திரும்புவதே கிடையாது. ஆனால் ரொசாரியோ வராத நாளில் இவனுக்கு ஆட்டம் ஓடாது.

இறுதிப் போட்டியன்று பயிற்சியாளர் தங்கதுரை மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அவன் கை மாதிரி கை இந்த ஜில்லாவுலயே கெடையாது. ரோஷத்த வச்சுக்கிட்டுக் கோப்பை வாங்க முடியாதுடே. அவன எறக்கு."

மற்ற ஆட்டக்காரர்கள் நேரே வேலிக்குப் போய்ப் பேரம் பேசினார்கள். "சென்னைக்காரன் இன்னும் பழைய சைகையத்தான் காட்டுதானாம். அதெல்லாம் ஒனக்குத் தெரியும்லா? சொல்லு, இப்பமே சேத்துக்கிடுதோம்."

"அது அவங்களோடது. என்னால ஆவாது" என்றான் ரொசாரியோ.

"பாத்தியா, இன்னும் அந்தப் பக்கத்து ஆளுதான். உள்ள விடாத" என்று கேப்டனிடம் வந்து கொதித்தார்கள்.

பேச்சிமுத்து மட்டும் வேறு சொன்னான். "சொல்ல மாட்டேன்னான்லா, அதுக்கே அவனச் சேக்கணும். எம் எடத்துல அவன் ஆடட்டும், நான் வெளிய இருக்கேன்." அவனுடைய பழைய இடத்தில் இப்போது வேறொருவன் அடிக்கிறான். வெளியே என்றால் வெளியேதான்.

நடுவர் கை காட்டிக் கூப்பிட்டுவிட்டார். மாஸ்டர், ஆட்டக்காரர்கள், பேச்சிமுத்து: இவர்களில் யார் சொன்னது சரி? இசக்கிராஜா எந்தப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும்?

விடை: சென்ற ஆண்டு சைகைகள் மாறவில்லை. ரொசாரியோவுக்கு அத்தனையும் தெரியும். அவன் வாய் திறந்திருந்தால் சென்னைக்காரர்கள் ஒரு தடவையாவது சரியான இடத்தில் குதித்திருப்பார்கள். அங்கே அவன் ஆட்டத்தைத்தான் கொடுத்தான். இங்கத்திய ரகசியத்தைக் கொடுக்கவில்லை. அதையே இன்று சென்னைக்காரர்களுக்கும் செய்தான். அவனை விலை கேட்ட ஆட்டக்காரர்கள் சொன்னது தப்பு. கையை மட்டும் பார்த்த மாஸ்டர் சொன்னதும் தப்பு, ஏனென்றால் ஆளில்லாத நேரத்தில் செட்டராக வந்து நின்ற பேச்சிமுத்துவுக்குத்தான் அந்த இடம். பேச்சிமுத்து சொன்னதில் பாதி சரி: ரொசாரியோவை அணியில் சேர்க்க வேண்டும், ஆனால் ஆட வேண்டியவன் பேச்சிமுத்துதான். இசக்கிராஜாவும் அந்தப் பெயரைத்தான் சொன்னான். பிறகு மாற்று ஆட்டக்காரனுக்கான ஜெர்சியை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வேலிக்குப் போனான். "சொல்லாமயால போவ?" என்று கத்தி, ஜெர்சியைக் கையில் கொடுக்காமல் முகத்தில் எறிந்தான். அது முகத்தில் வந்து விழுந்த பிறகுதான், ஊர் வந்து சேர்ந்துவிட்டோம் என்று ரொசாரியோவுக்கு நிச்சயமாயிற்று.